மைக்ரோகோட் அப்டேட் போட்டால் லேப்டாப் ஹேங் ஆவது நின்றுவிடுமா?

லேப்டாப் ஹேங் ஆகிறது, நீலத்திரை வருகிறது, கேம் பாதியில் மூடிக்கொள்கிறது என்று யாராவது சொன்னால் போதும், "மைக்ரோகோட் அப்டேட் பண்ணிட்டியா?" என்று ஒரு குரல் வந்துவிடும். 2024-இல் இன்டெல் ப்ராசஸர்கள் செய்தியில் அடிபட்டதிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. கேட்கிறவர்களில் சிலர் மைக்ரோகோடை டிரைவர் மாதிரி ஒன்று என்று நினைக்கிறார்கள். சிலர் பயாஸுக்கு இன்னொரு பெயர் என்கிறார்கள். பழுதான ப்ராசஸரையே அது சரிசெய்துவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். மூன்றுமே தவறு. மூன்றாவதுதான் கையைக் கடிக்கும் தவறு, ஏனென்றால் அதை நம்பி உட்கார்ந்திருந்தால் வாரன்டி காலம் முடிந்துபோகும்.

## கட்டளை உள்ளே போனதும் என்ன நடக்கிறது

ஓட்டலில் சர்வர் "ஒரு ரவா மசாலா" என்று உள்ளே குரல் கொடுக்கிறார். அவருக்கு அது ஒரே வார்த்தை. சமையற்கட்டில் அது பல வேலையாகப் பிரிகிறது: மாவைக் கலக்க வேண்டும், கல்லில் தண்ணீர் தெளிக்க வேண்டும், ஊற்ற வேண்டும், எண்ணெய் விட வேண்டும், மசாலா வைத்து மடிக்க வேண்டும்.

ப்ராசஸருக்கும் நிரல்கள் இப்படித்தான் குரல் கொடுக்கின்றன. "இந்த இரண்டு எண்களைக் கூட்டு", "இதை அங்கே எழுது" என்பது போன்ற ஒவ்வொரு உத்தரவுக்கும் கட்டளை என்று பெயர். உள்ளே போனதும் கட்டளை இன்னும் சிறிய வேலைகளாக உடைக்கப்படுகிறது. காபி, டீ மாதிரி எளிய கட்டளைகளை ப்ராசஸரின் சுற்றுகள் நேரடியாகவே முடித்துவிடும். யாரும் செய்முறையைப் பார்க்க வேண்டியதில்லை. சிக்கலான கட்டளை வந்தால்தான் சமையல்காரர் நிமிர்ந்து சுவரைப் பார்க்கிறார். அங்கே படிப்படியாகச் செய்முறை செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தச் செய்முறைகளின் தொகுப்புதான் மைக்ரோகோட்.

இது புதிய சங்கதி அல்ல. கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் இந்த யோசனையை 1951-இலேயே முன்வைத்தார். 1964-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 கணினிகளில் பெரும்பாலானவை இதை நம்பித்தான் இயங்கின.

சுவரில் செதுக்கியதை அழித்து எழுத முடியாது. ப்ராசஸருக்குள் இருக்கும் மூல மைக்ரோகோடும் தொழிற்சாலையிலேயே பதிந்துபோனது. அதனால் சுவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சிலேட்டை மாட்டியிருக்கிறார்கள். "ரவா மசாலாவில் மூன்றாவது படியை விட்டுவிடு, அதற்குப் பதில் இதைச் செய்" என்று காலையில் அதில் எழுதுவார்கள். ராத்திரி கடையடைக்கும்போது சிலேட்டைத் துடைத்துவிடுவார்கள். மறுநாள் காலை மறுபடி எழுத வேண்டும்.

மைக்ரோகோட் அப்டேட் என்பது அந்த சிலேட்டில் எழுதுவது. ப்ராசஸருக்குள் இதற்கென்று ஒரு சிறு நினைவகம் இருக்கிறது. மின்சாரம் போனால் அதில் இருப்பதும் போய்விடும். "ஒருமுறை அப்டேட் போட்டாச்சு, ப்ராசஸர் மாறிடுச்சு" என்று சொல்வது அதனால்தான் சரியில்லை. ப்ராசஸர் அப்படியேதான் இருக்கிறது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் யாரோ அந்தத் திருத்தத்தை அதற்குள் ஏற்றுகிறார்கள். சிலேட் சின்னது என்பதையும் மறக்கக் கூடாது: சில இடங்களைத் திருத்தலாம், மொத்தச் செய்முறையையும் மாற்றி எழுத இடம் கிடையாது.

## சிலேட் ஏன் வேண்டியிருந்தது

1994-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கணிதப் பேராசிரியராக இருந்த தாமஸ் நைஸ்லி தன் கணக்குகளில் ஒரு பிழையைக் கண்டார். காரணம் அன்றைய பென்டியம் ப்ராசஸர். 41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்தால் 1.33382 என்று வர வேண்டும், பென்டியம் 1.33373 என்று சொன்னது. வகுத்தலுக்காகச் சில்லில் பதிந்திருந்த அட்டவணையில் சில மதிப்புகள் விடுபட்டிருந்தன. வெளியிலிருந்து திருத்த வழியில்லை. இன்டெல் சில்லுகளை மாற்றித்தர ஒப்புக்கொண்டு 47.5 கோடி டாலரை அதற்காக ஒதுக்கியது.

அடுத்த ஆண்டு வந்த பென்டியம் ப்ரோவில் மைக்ரோகோடை வெளியிலிருந்து திருத்தும் வசதி இருந்தது.

## திருத்தத்தை யார் ஏற்றுகிறார்கள்

இரண்டு பேர். முதலாவது பயாஸ். லேப்டாப்பை ஆன் செய்ததும், விண்டோஸுக்கு முன்பாக ஓடும் அடிப்படை மென்பொருள் அது. மதர்போர்டில் உள்ள ஒரு சில்லில் நிரந்தரமாக இருக்கிறது. மைக்ரோகோட் கோப்பும் அதற்குள்ளேயே பொதிந்திருக்கும். மைக்ரோகோடும் பயாஸும் ஒன்று என்ற குழப்பம் வந்தது இதனால்தான். பயாஸ் எழுதுகிற கை, மைக்ரோகோட் எழுதப்படுகிற விஷயம்.

இரண்டாவது இயங்குதளம். விண்டோஸும் லினக்ஸும் தங்களிடம் மைக்ரோகோட் கோப்புகளை வைத்திருக்கின்றன. பயாஸ் ஏற்றியதைவிடப் புதியது தங்களிடம் இருந்தால், பூட் ஆகும்போது அதை ஏற்றிவிடும். லேப்டாப் கம்பெனி பயாஸ் அப்டேட் தருவதை நிறுத்திவிட்ட பழைய மாடல்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம். ஆனால் எல்லாத் திருத்தமும் இந்த வழியில் முழுப் பலன் தராது. சில, பயாஸ் கட்டத்திலேயே ஏறியாக வேண்டும்.

ஏன் அவ்வளவு சீக்கிரம் ஏற்ற வேண்டும்? 2014-இல் ஹாஸ்வெல் என்ற இன்டெல் ப்ராசஸர்களில் டிஎஸ்எக்ஸ் என்ற வசதியில் பிழை இருப்பது தெரிந்து, மைக்ரோகோட் மூலம் அந்த வசதியையே இன்டெல் அணைத்தது. லினக்ஸில் அப்போது மைக்ரோகோட் தாமதமாக, மற்ற நிரல்கள் ஓட ஆரம்பித்த பிறகு ஏறுவதும் உண்டு. "இந்த வசதி இருக்கிறது" என்று நம்பி ஓடிக்கொண்டிருந்த நிரல்களுக்கு அது பாதியில் காணாமல் போனது, அவை விழுந்தன. அதன்பிறகு, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் எழுந்திருக்கும்போதே மைக்ரோகோடை ஏற்றிவிடுவது நடைமுறையானது.

கண்டவர்களும் எழுதிவிடாதபடி இந்தத் திருத்தங்களுக்கு டிஜிட்டல் கையொப்பம் உண்டு. தயாரித்த நிறுவனத்தின் கையொப்பம் இல்லாததை ப்ராசஸர் ஏற்காது. ஏற்கக் கூடாது என்று சொல்வதே சரி. ஏஎம்டியின் ஜென் ப்ராசஸர்களில் கையொப்பத்தைச் சரிபார்க்கும் முறையில் ஓட்டை இருப்பதை கூகுள் ஆய்வாளர்கள் 2025-இல் வெளியிட்டார்கள். பொது ஆவணத்தில் உதாரணத்துக்காக அச்சிட்டிருந்த சாவியையே அங்கே பயன்படுத்தியிருந்தார்கள்! கண்டுபிடித்தவர்கள் அதை நிரூபிக்க ஒரு திருத்தம் எழுதினார்கள்: எப்போது கேட்டாலும் ப்ராசஸரின் ரேண்டம் எண் 4 என்றே வந்தது.

இதுவரை வந்ததைச் சேர்த்துச் சொன்னால்: மைக்ரோகோட் என்பது சிக்கலான கட்டளைகளுக்கான உட்செய்முறை, அப்டேட் என்பது அதன்மேல் ஒவ்வொரு பூட்டிலும் ஏற்றப்படும் தற்காலிகத் திருத்தம், ஏற்றுவது பயாஸ் அல்லது இயங்குதளம்.

## ஹேங் ஆவதை இது எப்படி நிறுத்துகிறது

இரண்டு விதமான கோளாறுகள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் பாதிப் பிரச்சினை.

முதல் வகை, வடிவமைப்புப் பிழை. சில்லு நல்ல ஆரோக்கியமாக இருக்கும். ஒரு குறிப்பிட்ட சூழல் அமைந்தால் மட்டும் தப்பாக நடக்கும். இன்டெலின் ஸ்கைலேக், கேபிலேக் ப்ராசஸர்களில் இருந்தது இதற்கு நல்ல உதாரணம், லேப்டாப் சில்லுகளும் அதில் அடக்கம். ஓகேமல் என்ற நிரல்மொழியின் ஆட்கள் காரணமே தெரியாத விபத்துகளைத் துரத்திக்கொண்டு போய், கடைசியில் ப்ராசஸரில் போய் முட்டினார்கள். ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதிக்கு 'கோர்' என்று பெயர்; ஒரு 'கோர்' இரண்டு போலக் காட்டிக்கொள்ளும் ஹைப்பர்த்ரெடிங் இயக்கத்தில் இருக்க வேண்டும். ப்ராசஸர் எண்களைக் கைவசம் வைத்துக்கொள்ளும் ரெஜிஸ்டர்களில் குறிப்பிட்ட சிலவற்றைத் தொட்டபடி, திரும்பத் திரும்ப ஓடும் சின்ன லூப் ஒன்று ஓட வேண்டும். இன்னும் சில உள்நிலைமைகள் கூடிவர வேண்டும். அப்போதுதான் பிழை வரும். 2017 ஜூனில் டெபியன் லினக்ஸ் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது: மைக்ரோகோடைப் புதுப்பியுங்கள், முடியாவிட்டால் ஹைப்பர்த்ரெடிங்கை அணையுங்கள். திருத்தம் ஏறிய பிறகு அந்தப் பிழை வராது. சில்லுக்கு எந்தச் சேதமும் இல்லை என்பதால் தீர்வும் முழுமையானது.

இரண்டாம் வகை, தேய்மானம். 2024-இன் கதை இதுதான். இதற்கு வோல்டேஜ் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும்.

## வோல்டேஜும் தேய்மானமும்

5 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் என்றால் நொடிக்கு 500 கோடி துடிப்புகள். ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் அந்தக் கட்டத்தின் விடை தயாராகி நிற்க வேண்டும். சுற்றுகள் எவ்வளவு வேகமாக மாறும் என்பது அவற்றுக்குக் கிடைக்கும் வோல்டேஜைப் பொறுத்தது. வோல்டேஜ் குறைந்தால் விடை வருவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும். 1 இருக்க வேண்டிய இடத்தில் 0 நிற்கும். ஆகவே ஒவ்வொரு வேகத்துக்கும் இவ்வளவாவது வேண்டும் என்ற குறைந்தபட்ச வோல்டேஜ் ஒன்று உண்டு. அதை வி-மின் என்பார்கள்.

எவ்வளவு வேண்டும் என்று மதர்போர்டிடம் கேட்பது ப்ராசஸர்தான். ப்ராசஸருக்குள் மின்சாரத்தைக் கவனித்துக்கொள்ள ஒரு தனிக் கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது, அதற்கும் ஒரு குட்டி நிரல் உண்டு. மைக்ரோகோட் அப்டேட் என்ற பெயரில் வரும் பொதியில் அந்த நிரலுக்கான திருத்தமும் சேர்ந்தே வருகிறது. செய்முறையைத் திருத்தும் சமாசாரம் வோல்டேஜை எப்படி மாற்றுகிறது என்று யோசிப்பவர்களுக்கு விடை இதுதான்.

அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்தால் சில்லு மெல்ல மெல்ல வயதாகும். வயதானால் அதே வேகத்துக்கு முன்பைவிடக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும், அதாவது வி-மின் மேலே நகரும். இன்டெலின் 13, 14 ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் நடந்ததும் இந்த நகர்வுதான். கோருக்குள் துடிப்பைப் பகிர்ந்தளிக்கும் சுற்றே வேகமாக வயதானது. மதர்போர்டுகளின் தாராளமான மின் அமைப்புகள் ஒரு பக்கம் என்றால், ப்ராசஸரே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டது இன்னொரு பக்கம். சும்மா இருக்கும்போதும் லேசான வேலையின்போதும்கூட அப்படிக் கேட்டது.

வெளியில் தெரிந்த அறிகுறிதான் வேடிக்கை. அன்ரியல் எஞ்சின் என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்த கேம்களைத் திறந்தால் "வீடியோ மெமரி போதவில்லை" என்று செய்தி வந்தது. கிராஃபிக்ஸ் கார்டில் தாராளமாக மெமரி இருந்தவர்களுக்கும் இதே செய்திதான். கேம் தன் சுருக்கிய கோப்புகளை விரிக்கும்போது ப்ராசஸர் தப்புக் கணக்குப் போட்டது. பழி கிராஃபிக்ஸ் கார்டின் தலையில் விழுந்தது. எத்தனை பேர் கார்டை மாற்றிப் பார்த்திருப்பார்களோ.

2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோட், 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி கடிவாளம் போட்டது. செப்டம்பரில் 0எக்ஸ்12பி, சும்மா இருக்கும்போது கூடுதலாகக் கேட்பதையும் சேர்த்துத் திருத்தியது. 2025 மே மாதம் 0எக்ஸ்12எஃப் வந்தது. நாள்கணக்கில் அணைக்காமல் லேசான வேலையில் ஓடும் கணினிகளுக்காக.

இவை எல்லாம் இனிமேல் தேயாமல் காப்பவை. ஏற்கனவே தேய்ந்ததை எந்த மைக்ரோகோடும் திருப்பித் தராது. இன்டெலும் அதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. அதனால்தான் பாதிக்கப்பட்ட டெஸ்க்டாப் ப்ராசஸர்களுக்கு வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். அப்டேட் போட்ட பிறகும் கிராஷ் தொடர்ந்தால், "இன்னும் புது அப்டேட் வரும்" என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. ப்ராசஸரை மாற்றித்தரச் சொல்லிக் கேட்க வேண்டியதுதான்.

சுருக்கமாக: வடிவமைப்புப் பிழை என்றால் மைக்ரோகோட் தீர்வு. தேய்மானம் என்றால் தடுப்பு மட்டும்.

## சரி, லேப்டாப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இந்த இடத்தில்தான் வதந்தி ஓடுகிறது. 2024-இல் கேம் நிறுவனம் ஒன்று, லேப்டாப் சில்லுகளிலும் இதே கோளாறைப் பார்த்ததாகச் சொன்னது. இன்டெல் மறுத்தது: பாதிப்பு 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள டெஸ்க்டாப் ப்ராசஸர்களுக்கு மட்டும்தான், லேப்டாப் ப்ராசஸர்களுக்கு வி-மின் நகர்வுக் கோளாறு இல்லை, ஹேங்கும் கிராஷும் பல காரணங்களால் வரும் பொதுவான அறிகுறிகள் என்றது.

குழப்பம் தீராததற்கு ஒரு காரணம் எச்எக்ஸ் என்று முடியும் லேப்டாப் ப்ராசஸர்கள். கேமிங் லேப்டாப்களில் வரும் ஐ9-13980எச்எக்ஸ், 14900எச்எக்ஸ் போன்றவை டெஸ்க்டாப் சில்லின் அதே வடிவமைப்பிலிருந்து வந்தவை. மைக்ரோகோட் கோப்பும் இரண்டுக்கும் பொது. அதனால் லேப்டாப்புக்கு வரும் பயாஸ் அப்டேட்டிலும் அதே எண்கள் தென்படும். எண் தென்பட்டதற்காக நம் லேப்டாப் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தமில்லை. அப்டேட்டைத் தள்ளிப்போட அது காரணமும் ஆகாது. ஒரு பொதியில் பாதுகாப்புத் திருத்தங்களும் வேறு பிழைத் திருத்தங்களும் சேர்ந்தே வருகின்றன.

என் அபிப்பிராயம் இது: லேப்டாப் ஹேங் ஆனால் சந்தேகப்பட்டியலில் மைக்ரோகோடைக் கடைசிப் பக்கத்தில் வைக்கலாம். சூடு, அடைத்துக்கொண்ட விசிறி, கிராஃபிக்ஸ் டிரைவர், ராம், எஸ்எஸ்டி எல்லாம் அதற்கு முன்னால் வரும்.

## உங்கள் லேப்டாப்பில் எது ஓடுகிறது

விண்டோஸில் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, லோக்கல் மெஷின் கிளையில் ஹார்டுவேர், டிஸ்கிரிப்ஷன், சிஸ்டம், சென்ட்ரல் ப்ராசஸர், 0 என்று இறங்கினால் "அப்டேட் ரிவிஷன்" என்று ஒரு வரி இருக்கும். இன்டெல் லேப்டாப்பில் அதன் மதிப்பு 00 00 00 00 2பி 01 00 00 மாதிரி தெரியும். பின்பாதியைத் தலைகீழாகப் படிக்க வேண்டும்: 2பி 01 என்றால் 12பி. பக்கத்திலேயே "ப்ரீவியஸ் அப்டேட் ரிவிஷன்" என்ற வரியும் இருக்கும். அது பயாஸ் ஏற்றியது; முதலாவது இப்போது ஓடுவது. இரண்டும் வேறாக இருந்தால் விண்டோஸ் புதியதை ஏற்றியிருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். ரெஜிஸ்ட்ரியைத் தொடப் பயமாக இருந்தால் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளே காட்டிவிடும். லினக்ஸில் ப்ராக் அடைவில் உள்ள சிபியுஇன்ஃபோ கோப்பில் "மைக்ரோகோட்" என்றே ஒரு வரி உண்டு.

எண்ணை இன்னொருவர் லேப்டாப்போடு ஒப்பிட்டுப் பயன் இல்லை. ஒவ்வொரு ப்ராசஸர் வகைக்கும் எண் வரிசை தனி. அவரிடம் பெரிய எண் இருக்கிறது என்பதால் உங்களுடையது பழையதாகிவிடாது.

## அப்டேட் போடும்போது

லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று உள்ள பயாஸை மட்டும் எடுங்கள். மாடல் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு மதர்போர்டாக இருக்கலாம். லினக்ஸ்காரர்களுக்குப் பல கம்பெனிகளின் பயாஸ் எஃப்டபிள்யூஅப்டி என்ற அப்டேட் கருவி வழியாகவே வந்துவிடும். பேட்டரி நன்றாக ஏறியிருக்கட்டும், சார்ஜரும் மாட்டியே இருக்கட்டும். நடுவில் கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கிக்கொள்ளும், இந்த விஷயத்தில் லேப்டாப் டெஸ்க்டாப்பைவிடக் கொடுத்துவைத்தது. திரை கருப்பாகி, விசிறி முழு வேகத்தில் கத்தி, இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் ஆகலாம். அதெல்லாம் வழக்கம்தான், பவர் பட்டனைத் தொட வேண்டாம்.

விண்டோஸில் டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பயாஸ் மாறியதும் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். சாவி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டே மறந்துபோனவர்கள், அதை மீட்டுக்கொண்டு பிறகு அப்டேட்டுக்கு வாருங்கள்.

பயாஸுக்குள் இருக்கும் மைக்ரோகோடைத் தானே மாற்றி எழுதும் கருவிகள் இணையத்தில் உலவுகின்றன. பல லேப்டாப்களில் பூட்கார்டு என்ற காவல் இருக்கிறது. கை வைக்கப்பட்ட பயாஸை அது ஓடவே விடாது. லேப்டாப் ஆன் ஆகாமல் போய், சர்வீஸ் கடையில் சில்லைக் கழற்றி எழுதும் நிலை வரும்.

அப்டேட்டால் ஓர் இழப்பும் வரலாம். சூட்டைக் குறைக்க வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் லேப்டாப்காரர்களிடம் உண்டு. அதே வசதியைப் பயன்படுத்தி ப்ராசஸரின் பாதுகாப்புப் பெட்டகத்தை உடைக்கலாம் என்று 2019 டிசம்பரில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தாக்குதலுக்கு ப்ளண்டர்வோல்ட் என்று பெயர் வைத்தார்கள். இன்டெல் மைக்ரோகோடும் பயாஸ் திருத்தமும் விட்டு அந்த வாசலைப் பூட்டியது. பல லேப்டாப்களில் அதற்குப் பிறகு வோல்டேஜை இறக்க முடியவில்லை. உங்களுக்கு அந்தப் பழக்கம் இருந்தால், பயாஸ் அப்டேட்டுக்கு முன் அதே மாடல் வைத்திருக்கும் யாரிடமாவது கேட்டுக்கொள்வது நல்லது. பல கம்பெனிகள் பழைய பயாஸுக்குத் திரும்பிப் போக விடுவதில்லை.

அப்டேட்டே கோளாறைக் கொண்டுவந்ததும் நடந்திருக்கிறது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் பாதுகாப்பு ஓட்டைக்காக அவசரமாக வந்த மைக்ரோகோட், ஹாஸ்வெல், பிராட்வெல் ப்ராசஸர்களைத் தானாக ரீஸ்டார்ட் ஆக வைத்தது. ஜனவரி 22 அன்று இன்டெலே "இதை இனி நிறுவ வேண்டாம்" என்று சொல்ல வேண்டிவந்தது. லேப்டாப் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், புது பயாஸ் வந்த அன்றே பாயாமல் ஓரிரு வாரம் பொறுத்துப் போடுவதில் தப்பில்லை.

போட்ட பிறகும் ஹேங் நிற்கவில்லை என்றால், விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ என்று தொடங்கும் பதிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை ஹார்டுவேர் தரப்பில் பிழை வந்ததற்கான பதிவுகள். ஒரு இரவு மெம்டெஸ்ட் ஓட்டி ராமைச் சோதியுங்கள். ராம் சுத்தமாக இருந்து, டபிள்யூஎச்இஏ பதிவுகளும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், அந்தப் பதிவுகளைப் படமெடுத்துக்கொண்டு வாரன்டி முடிவதற்குள் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். லேப்டாப்பில் ப்ராசஸர் மதர்போர்டிலேயே ஒட்டியிருக்கும், தனியாக மாற்ற முடியாது. வாரன்டி இருந்தால் போர்டையே மாற்றித்தருவார்கள், முடிந்திருந்தால் அதே போர்டுக்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டியிருக்கும்.